அந்த 190 கோலும் கனடாவுக்காக அடித்ததுதான்

தருமபுரி, பென்னாகரம், அரூர் பக்கத்துக் கால்பந்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. ஆணோ பெண்ணோ, நாட்டுக்காக உலகிலேயே அதிக கோல் அடித்தவர் ரொனால்டோதானாம், கனடா வீராங்கனை கிறிஸ்டின் சின்க்ளேரின் 190 கோல் கிளப் ஆட்டங்களையும் சேர்த்த கணக்காம்.

இரண்டுமே தப்பு.

ரொனால்டோ ஆண்களில் முதலிடம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சின்க்ளேரின் 190 கோலும் கனடா தேசிய அணிக்காக மட்டுமே அடித்தது, போர்ட்லாந்து தார்ன்ஸ் கிளப்புக்காக அடித்த கோல்கள் இதில் ஒன்றுகூட இல்லை, அது தனிக் கணக்கு. 2000-ல் 16 வயதில் தேசிய அணிக்குள் வந்தவர், 2023 டிசம்பர் வரை 331 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். அமெரிக்காவின் ஆபி வாம்பாக் வைத்திருந்த 184 கோல் சாதனையை 2020 ஜனவரியில் தாண்டினார்.

"சின்ன அணிகளோடு அடித்தது" என்றும் சிலர் எழுதுகிறார்கள். சரி, 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியைப் பாருங்கள். எதிரே பலம்வாய்ந்த அமெரிக்கா, கனடா 4-3 என்று தோற்றது, அந்த மூன்றையும் அடித்தவர் இவர்தான். அப்புறம் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம். ஐந்து உலகக் கோப்பைகளில் கோலும் அடித்திருக்கிறார்.

நம்ம ஊர் மைதானங்களில் பள்ளிப் பெண்கள் பந்தாடுகிறார்கள், அவர்கள் போனுக்கும் இந்தப் படம் போகிறது. தயவுசெய்து இதை ஃபார்வர்டு செய்யாதீர்கள், அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்திப் போடுங்கள்.