அக்கா பாவாடை சரி, அடுத்தவர் சட்டை மட்டும் கூச்சமா?

பயன்படுத்திய துணி வாங்க நம்மவர்கள் தயங்குவதற்குச் சுத்தம் பற்றிய பயமே காரணம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று பழைய வேட்டியைத்தானே சுற்றுகிறோம்? அக்கா பாவாடை தங்கைக்கு வருவதிலும் யாருக்கும் அருவருப்பு இல்லை. முகம் தெரியாதவர் துணி என்றால்தான் 'செத்தவங்க சட்டையா இருக்குமோ' என்று மனம் போகிறது. அதைவிடப் பெரிய பயம், பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்களோ என்பது. பழைய புடவையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கக் கூச்சப்படாத நாம், அதே புடவையைக் காசு கொடுத்து வாங்குபவரை மட்டும் ஏன் தாழ்வாகப் பார்க்கிறோம்? இது எனக்கு நிஜமாகவே வருத்தம். போன பொங்கலுக்கு என் மகளுக்கு ஒரு பருத்திப் பாவாடை அப்படித்தான் வாங்கினேன். வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டேன், அவ்வளவுதான்.