டீப் ப்ளூவின் கதை தொடங்கியது ஐபிஎம்மில் அல்ல

"சதுரங்க கிராண்ட்மாஸ்டரை முதன்முதலில் வென்ற கணினி டீப் ப்ளூ, 1997ல் ஐபிஎம் தன் ஆய்வகத்திலேயே அடிமுதல் உருவாக்கியது" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

கதை தொடங்குவது 1985ல், அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில். அங்கே ஹான்ஸ் பெர்லினர் குழுவின் ஹைடெக் என்ற சதுரங்கக் கணினியில் நகர்வுகளைக் கண்டுபிடிக்க, பலகையின் கட்டத்துக்கு ஒரு சிப் வீதம் 64 சிப்கள் இருந்தன. அதே வளாகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஃபெங் சியுங் சூ, நகர்வுகளைக் கண்டுபிடிக்கும் அந்த வேலை முழுவதையும் ஒரே சிப்பில் அடக்கிவிட்டார், எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்! அதை வைத்து அவரும் தாமஸ் அனந்தராமன், மர்ரே கேம்பெல் ஆகியோரும் சேர்ந்து செய்த சதுரங்கக் கணினிகள்தான் சிப்டெஸ்ட், அப்புறம் டீப் தாட்.

டீப் தாட் 1988ல் லாங் பீச் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சனை வென்றது. அதாவது டீப் ப்ளூவுக்கு ஒன்பது ஆண்டு முன்பே. சூவும் கேம்பெல்லும் ஐபிஎம்மில் சேர்ந்தது 1989ல்தான். அங்கே டீப் தாட்டின் வழியில் உருவானதுதான் டீப் ப்ளூ.

சரி, 1997ல் டீப் ப்ளூவின் சாதனை என்ன? அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவை ஆறு ஆட்டத் தொடரில் 3.5-2.5 என வென்றது. அதை அப்படியே சொல்லுங்கள், மாணவர்களின் உழைப்பை மறைக்காதீர்கள்.