5,500 குதிரைக்காரர்களும் ஒரு நல்ல தளபதியும்

போன ஞாயிறு மதியம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று நினைத்தபோது டிவியில் ஒரு பழைய ஹாலிவுட் படம் தமிழ் டப்பிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. 2004-இல் வந்த படம். ஆர்தர் மன்னர் கதையிலிருந்து மந்திரம், மாயம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, 'நிஜத்தில் நடந்தது இதுதான்' என்று சொல்லும் வகை. பிரிட்டனில், ரோமப் பேரரசின் வடக்கு எல்லையில் ஒரு குதிரைப்படைத் தளபதி. எல்லா மனிதரும் சமம் என்பவர், ரோம் என்றாலே சுதந்திரம் என்று நம்புகிறவர். அவருக்குக் கீழே சில சர்மாத்திய வீரர்கள். சர்மாத்தியர் என்றால் கிழக்கு ஐரோப்பியப் புல்வெளியின் குதிரைக்காரக் குலங்கள். பையன்களாக இருந்தபோதே ஊரிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள். 15 வருட ஊழியம் முடிந்து விடுதலைப் பத்திரம் கைக்கு வர வேண்டிய அன்று, இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்கிறார்கள். வீரர்கள் கொதிக்கிறார்கள், திட்டுகிறார்கள். அப்புறம் தளபதி முகத்துக்காகக் கிளம்பிப் போகிறார்கள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "ஏண்டா, பதினஞ்சு வருசம்தான் முடிஞ்சிருச்சுல்ல? அப்புறம் என்ன இன்னொரு வேலை? இவனைப் போய் நல்லவன்னு வேற காட்டுறானுங்க."

"அவருக்கும் மேலிடத்து உத்தரவும்மா, அவர் என்ன பண்ணுவார்" என்றேன்.

"உத்தரவு போட்டவன் ஒரு பக்கம் இருக்கட்டும். இவன் கேட்டா பசங்க மாட்டேன்னு சொல்லமாட்டானுங்கன்னு தெரிஞ்சுதானே இவனை விட்டுக் கேக்க வைக்கிறானுங்க?"

தூக்கம் போய்விட்டது. இந்தச் சர்மாத்தியர் விஷயத்தைச் சில வருடங்களாகவே விட்டுவிட்டுப் படித்து வருகிறேன். நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை, வெறும் ஆர்வக்கோளாறு. ஆனால் படித்ததையெல்லாம் அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டதுபோல இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்குப் பின்னால் இருக்கும் நிஜச் சம்பவம் கி.பி. 175-இல் நடந்தது. இன்றைய ஹங்கேரியில் டான்யூபுக்கும் டிசா ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் சமவெளியில் யாசிகெஸ் என்ற சர்மாத்தியக் குலத்தார் இருந்தார்கள். குதிரைமேல் பிறந்து குதிரைமேல் சாகிறவர்கள் என்று சொல்லலாம். நீளமான ஈட்டி, உடம்பெல்லாம் செதில் கவசம். இந்தச் சர்மாத்தியக் கவசம் ஒன்றை ஏதென்ஸ் கோயிலில் பார்த்ததாக பௌசானியஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதி வைத்திருக்கிறார். இரும்பு கிடைக்காததால் குதிரைக் குளம்புகளைச் சேர்த்து, சீவி, செதில் செதிலாக்கி, குதிரை நரம்பால் தைத்திருந்தார்களாம். செத்த குதிரையையும் வீணாக்காத ஜனங்கள்.

இவர்களோடு ரோம் பல வருடம் மல்லுக்கட்டியது. அதில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் டான்யூப் உறைந்து கிடக்கிறது. பனிக்கட்டி மேல் ரோமானியர் வழுக்கி விழுவார்கள், எளிதாக முடித்துவிடலாம் என்று நினைத்து யாசிகெஸ் குதிரைகளோடு பாய்கிறார்கள். அவர்கள் குதிரைகளுக்கு அந்தத் தரை பழக்கம். ரோமானியர் என்ன செய்தார்கள் தெரியுமா? கேடயத்தைப் பனிமேல் போட்டு அதன்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டார்கள். வந்த குதிரையின் கடிவாளத்தையும் வந்தவன் ஈட்டியையும் பிடித்து இழுத்தார்கள். இரண்டு தரப்பும் வழுக்கி விழுந்து, கட்டிப் புரண்டு, கடைசியில் பல்லால் கடித்துக்கூடச் சண்டை போட்டதாக வரலாற்றாசிரியர் காஸியஸ் டியோ எழுதுகிறார்.

அப்போது பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ். இந்தக் குலத்தைப் பூண்டோடு அழித்துவிட வேண்டும் என்பதுதான் அவர் விருப்பமாக இருந்தது என்று அதே டியோ சொல்கிறார். ஆனால் 175-இல் கிழக்கே அவிடியஸ் காஸியஸ் என்ற தளபதி, நானே பேரரசன் என்று கிளம்பிவிட்டார். வீட்டுக்குள்ளேயே தீப்பிடித்த நிலை. அவசர அவசரமாக யாசிகெஸ் மன்னர் ஜாண்டிகஸுடன் சமாதானம் பேசினார்கள். பிடித்து வைத்திருந்த ரோமானியக் கைதிகளை விட வேண்டும், டான்யூபிலிருந்து பக்கத்துக் குலங்களுக்கு விதித்ததைவிட இரு மடங்கு தூரம் தள்ளிக் குடியிருக்க வேண்டும், 8,000 குதிரை வீரர்களைத் தர வேண்டும். அந்த 8,000 பேரில் 5,500 பேரை பிரிட்டனுக்கு அனுப்பினார்கள்.

டியோ கொடுக்கும் தகவல் இவ்வளவுதான். ஒரு வாக்கியம். ஒரு குலத்தின் வாலிபப் பிள்ளைகளைச் சமாதானத்துக்கு விலையாக எடைபோட்டுக் கொடுத்த கதை, ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோமின் சாதாரணக் குதிரைப் படைப்பிரிவு ஒன்றில் சுமார் 500 பேர். அப்படியென்றால் இது 11 படைப்பிரிவுக்கான ஆட்கள். இவர்கள் தங்கியதாக உறுதியாகத் தெரியும் இடம், இங்கிலாந்தின் லங்காஷயரில் ரிபிள் ஆற்றங்கரையில் இருக்கும் ரிப்செஸ்டர் கோட்டை. அது ஒரு படைப்பிரிவு தங்கும் அளவுதான். (அந்தக் கோட்டையின் ஒரு பகுதியை அப்புறம் ஆறே அரித்துக்கொண்டு போய்விட்டது.) மிச்சப் பேரை மூலைக்கு ஒரு கூட்டமாகப் பிரித்துத்தான் போட்டிருக்க வேண்டும். நேற்றுவரை எதிரியாக நின்ற 5,500 குதிரைக்காரர்களை ஒரே இடத்தில் வைக்க எந்த ஆட்சிக்கும் தைரியம் வராது.

இங்கேதான் தளபதி விஷயத்துக்கு வருகிறேன். படத்துத் தளபதிக்கு மூலமாகச் சொல்லப்படுபவர் லூசியஸ் ஆர்டோரியஸ் காஸ்டஸ். குரோஷியாவில் ஸ்ப்ளிட் நகரத்துக்குப் பக்கத்தில் போட்ஸ்ட்ரானா என்ற ஊரில் அவருடைய கல்வெட்டு கிடைத்தது. ஆர்டோரியஸ், ஆர்தர் என்ற பெயர் ஒற்றுமையை வைத்து 1925-இல் ஒரு அறிஞர் கிளப்பிய யூகம் அது. 1970-களில் வேறு சிலர் அதில் சர்மாத்தியரையும் சேர்த்துக் கட்டினார்கள். காகசஸ் மலைப்பகுதியில் சர்மாத்தியரின் சொந்தக்காரர்கள் வழிவந்த ஒசேத்தியரிடம் பத்ராஸ் என்ற வீரனின் கதை இருக்கிறது. அவன் சாகும்போது அவன் வாளைக் கடலில் எறிந்தால்தான் உயிர் போகும். ஆர்தர் வாள் ஏரிக்குள் போகும் கதையைப் படித்தவர்களுக்கு இது புல்லரிக்கும். எனக்கும் முதலில் புல்லரித்தது. ஆனால் அந்தக் காகசஸ் கதைகளை எழுத்தில் பதிவு செய்ததே 19-ஆம் நூற்றாண்டில்தான். ஒரு வாளை வைத்துக்கொண்டு அத்தனை நூற்றாண்டைத் தாண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்வெட்டையே படித்தால் இன்னும் ஏமாற்றம். காஸ்டஸ் நான்கு லெஜியன்களில், அதாவது ரோமின் பெரும் படைப்பிரிவுகளில், நூற்றுவர் தலைவராக இருந்து ஏறி வந்தவர். இத்தாலியில் மிசேனம் கடற்படையில் பொறுப்பு, பிரிட்டனில் ஆறாம் லெஜியனின் பிரிஃபெக்ட் என்ற மேலதிகாரி, பிரிட்டன் படைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வெளிப் போர், கடைசியில் லிபர்னியா மாகாண நிர்வாகி. அதாவது, ஒழுங்காகப் பதவி உயர்வு வாங்கி, சொத்தோடு ஓய்வு பெற்ற ஒரு அதிகாரியின் பயோடேட்டா. 'சர்மாத்தியர்' என்ற சொல் அதில் எங்கேயும் கிடையாது. கல்லறைக் கல்லையும் உயிரோடு இருக்கும்போதே தனக்குத் தானே ஏற்பாடு செய்துகொண்டார். அதைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் இவரிடம் லட்சியத்தைத் தேடினால் கிடைக்காது.

நிஜமான லட்சியவாதி இந்தக் கதையில் ஒருவர் இருக்கிறார். பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ்தான் அவர். டான்யூப் முகாம்களில் இருந்த வருடங்களில் அவர் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்புகளை இன்றும் உலகம் படிக்கிறது. மனிதரெல்லாம் ஒரு உடம்பின் உறுப்புகள், ஒருவருக்கொருவர் உதவப் பிறந்தவர்கள் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார். அதில் பத்தாம் பகுதியில் ஒரு சின்னக் குறிப்பு. சிலந்திக்கு ஈயைப் பிடித்துவிட்டால் பெருமை, ஒருவனுக்கு முயலைப் பிடித்தால் பெருமை, இன்னொருவனுக்கு மீன், வேறொருவனுக்குக் காட்டுப்பன்றி, மற்றவனுக்குச் சர்மாத்தியர். எண்ணத்தைத் தோண்டிப் பார்த்தால் இவர்கள் எல்லாருமே கொள்ளைக்காரர்கள்தானே என்று கேட்கிறார்.

இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இதை எழுதியவர் 'சர்மாட்டிகஸ்', அதாவது சர்மாத்தியரை வென்றவர் என்ற பட்டத்தை ஏற்றுக்கொண்டவர். 8,000 பேரைக் கேட்டு வாங்கியவர். அவரைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியை அவர் மனசாரத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். என் சங்கடமே அதுதான். அவ்வளவு தெளிவாகத் தெரிந்த மனிதர் மேலே உட்கார்ந்திருந்தும் கீழே ஒரு குதிரைகூடத் திரும்பிப் போகவில்லை. நல்ல தளபதி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற நாம், அந்தத் தளபதியே தத்துவ ஞானியாக இருந்தபோது என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டாமா?

'ஆனால் வீரர்கள் விசுவாசமாக இருந்தார்களே' என்று கேட்கலாம். நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல்லே இருக்கிறது. கர்ணனைச் சொல்லும்போது எனக்கும் கண் கலங்கும். ஆனால் கர்ணனுக்குப் பாண்டவர் பக்கம் போக ஒரு கதவு திறந்துதான் இருந்தது. போகமாட்டேன் என்றான், அதனால்தான் அது கடன். இவர்களுக்கு எந்தக் கதவு இருந்தது? முன்னால் தெரியாத நாடு, பின்னால் கடல், சொந்த மன்னரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கதவு கொஞ்சம் தெரிந்தபோதெல்லாம் கட்டாயப் படைவீரர்கள் என்ன செய்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். கி.பி. 26-இல், இன்றைய பல்கேரியா பக்கத்து திரேஸ் மக்கள் கலகம் செய்தார்கள். தங்கள் பிள்ளைகளைப் பிரித்து, வேறு இனத்தாரோடு கலந்து, தூர தேசத்துக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி. அந்த வதந்தி ஒன்றே போதுமானதாக இருந்தது. கி.பி. 69-இல் ரைன் முகத்துவாரத்து பட்டாவியர் எழுந்தார்கள். ஆள் எடுக்க வந்த அதிகாரிகள் கிழவர்களையும் நோயாளிகளையும் பிடித்து, விட வேண்டுமானால் பணம் கொடு என்றார்கள், அழகான பையன்களை வேறு காரணத்துக்கு இழுத்துப் போனார்கள்.

இன்னொன்று உசிப்பி என்ற ஜெர்மானியக் குலத்தாரின் கதை. ஜெர்மனியில் ஆள் பிடித்து பிரிட்டனுக்கு அனுப்பிய ஒரு படைப்பிரிவு. பழக்கிவிட வந்த நூற்றுவர் தலைவரையும் மற்ற வீரர்களையும் கொன்றுவிட்டு, மூன்று கப்பலைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வழிகாட்டத் தெரிந்த மாலுமியும் மிஞ்சவில்லை. பிரிட்டனையே ஒரு சுற்றுச் சுற்றினார்கள். கரையில் இறங்கிச் சாப்பாட்டுக்குக் கொள்ளையடித்தார்கள், அடி வாங்கினார்கள். கடைசியில் பசி தாங்காமல் முதலில் பலவீனமானவர்களையும் அப்புறம் சீட்டுக் குலுக்கிப் போட்டும் தங்களுக்குள்ளேயே தின்றார்கள். கப்பல் போனது, கடற்கொள்ளைக்காரர் என்று பிடிபட்டார்கள். சிலர் அடிமையாகக் கைமாறிக் கைமாறி ரோமானியக் கரைக்கே திரும்ப வந்து சேர்ந்தார்கள். ஊருக்குப் போக வேண்டும் என்ற ஆசை மனிதனை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடப் பயங்கரமான கதையை நான் படித்ததில்லை. இதைப் படமாக எடுத்தால் இடைவேளையிலேயே தியேட்டர் காலியாகிவிடும். நமக்குப் பிடித்தது தளபதிக்காகத் திரும்பி வரும் வீரர்கள்தான்.

சரி, சர்மாத்தியர் என்ன ஆனார்கள்? ரிப்செஸ்டரில் அப்பல்லோ மப்போனஸ் என்ற கடவுளுக்கு வைத்த கல் ஒன்று கிடைத்திருக்கிறது. பேரரசர் மூன்றாம் கோர்டியன் காலம், அதாவது 238-க்கும் 244-க்கும் நடுவில். 'சர்மாத்தியக் குதிரைப்படை' என்று அதில் பெயர் இருக்கிறது. வந்து அறுபது, எழுபது வருடம் ஆகிவிட்டது. பேரன்களின் காலம். கல்லை வைத்த தளபதியின் ஊர் மெலிட்டீன், இன்றைய துருக்கியில். கும்பிட்ட சாமி பாதி ரோம், பாதி பிரிட்டன். அந்தப் படையில் இருந்தவனுக்கு அப்போது டான்யூப் என்பது தாத்தா சொன்ன ஒரு பெயராகத்தான் இருந்திருக்கும். கோட்டைக்கு வழங்கிய பெயரிலேயே 'ஓய்வுபெற்ற வீரர்களின் ஊர்' என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊழியம் முடித்தவர்கள் அங்கேயே நிலம் வாங்கித் தங்கிவிட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அம்மாவிடம் மறுநாள் சொன்னது இன்னொரு செய்தி. கேம்பிரிட்ஜ்ஷயரில் ஏ14 நெடுஞ்சாலையை மேம்படுத்தத் தோண்டியபோது, ஆஃபோர்ட் க்ளூனி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு கிடைத்தது. ரோமானியர் காலத்துப் பண்ணை ஒன்றின் ஓரம், ஒரு பள்ளத்தில், கூட ஒரு பொருளும் வைக்காமல் புதைத்த இளைஞன். சாகும்போது 18-லிருந்து 25 வயதுக்குள். 126-க்கும் 228-க்கும் இடைப்பட்ட காலம். உள்காது எலும்பிலிருந்து எடுத்த டிஎன்ஏவைச் சோதித்தால் அவன் பிரிட்டன்காரன் இல்லை, காகசஸ் பக்கத்து, சர்மாத்திய உறவு. 2023-இல் வெளியிட்டார்கள். பல்லையும் சோதித்திருக்கிறார்கள். ஐந்து, ஆறு வயது வரை சிறுதானியமும் சோளமும் தின்று வளர்ந்த பிள்ளை. அப்புறம் அது குறைந்துகொண்டே போய்க் கோதுமை கூடுகிறது. 175-இல் அனுப்பிய கூட்டத்தோடு வந்த குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஆய்வேட்டில் அவன் பெயர் ஆஃபோர்ட் க்ளூனி 203645.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அஞ்சு வயசுன்னா அம்மாவும் கூட வந்திருப்பாளா?" என்று கேட்டார்.

"வந்திருக்கலாம்மா."

"அந்தக் குளிர்ல கம்பு, சோளத்துக்கெல்லாம் எங்க போயிருப்பா" என்றார், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.