முட்டியதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை

அந்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆசிரியர் குழுவில் வந்தது, பேசாமல் இருந்தேன். ஊர்க் குழுவில் வந்தது, அப்போதும் பேசாமல் இருந்தேன். நேற்று என் தங்கச்சி திருப்பூரிலிருந்து அதையே அனுப்பி, "அக்கா, இது உங்க பிள்ளைங்கதானே?" என்று கேட்டதும் பொறுக்க முடியவில்லை. எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், திரும்பச் சொல்லத் தேவையில்லை. நீலகிரித் தோட்டப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கண்காட்சிக்குச் செய்த ரோபோ வண்டி போகிறது, அட்டையில் வெட்டி நிறுத்திய காட்டுமாட்டில் முட்டுகிறது, மாடு சாய்கிறது, பெரியவர்கள் சிரிக்கிறார்கள், வீடியோ அதோடு முடிகிறது. மேலே ஒரு வரி: "எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு ரோபோவாம்."

முட்டியது உண்மை. அதை நான் மறுக்கவே இல்லை. முட்டியதற்கு அப்புறம் நடந்ததுதான் பாடம், அதைத்தான் வெட்டி எறிந்துவிட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

என்ன நடந்தது என்று நானே சொல்கிறேன். எங்களிடம் இருப்பது லெகோ வீடூ 2.0 கிட், பிள்ளைகள் துண்டுகளைக் கோத்துச் சின்ன ரோபோ செய்து ஓட்டிப் பார்க்கிற பெட்டி. 280 துண்டுகள், ஒரு மோட்டார், முன்னால் ஏதாவது வந்தால் தெரிந்துகொள்கிற ஒரு சென்சார், சாய்ந்தால் தெரிந்துகொள்கிற இன்னொன்று, எல்லாவற்றையும் ப்ளூடூத் வழியாக டேப்லெட்டோடு சேர்க்கிற ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் பச்சைப் பட்டனை அழுத்தினால் விளக்கு மின்னும். ஆப்பில் கட்டளைகள் எல்லாம் படமும் எண்ணும்தான், வாசிக்க வேண்டியதில்லை. மோட்டார் படம், காத்திருக்கச் சொல்கிற மணல் கடிகாரப் படம், அதோடு ஒட்டிக்கொள்கிற சென்சார் படம் என்று வரிசையாக இழுத்து வைக்க வேண்டும். பிள்ளைகள் செய்த நிரல் இவ்வளவுதான்: மோட்டாரை ஓட்டு, முன்னால் ஏதாவது வரும்வரை காத்திரு, வந்ததும் மோட்டாரை நிறுத்து.

வண்டிக்குக் கோத்தகிரி மினிபஸ் என்று அவர்களே பெயர் வைத்தார்கள். எங்கள் பக்கம் காலையில் பஸ் லேட்டானால் ஒன்று மரம் விழுந்திருக்கும், இல்லையென்றால் காட்டுமாடு ரோட்டில் நிற்கும். டிரைவர் ஹாரன் அடிக்காமல் வண்டியை நிறுத்திவிட்டு அது போகிறவரை காத்திருப்பார், அதைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள்தானே. வகுப்பில் நோட்டுப் புத்தகத்தை நிற்க வைத்து ஓட்டிப் பார்த்தபோது பஸ் ஒழுங்காக நின்றது. கண்காட்சிக்கு என்று கறுப்புச் சார்ட்டில் அழகாக ஒரு காட்டுமாடு வெட்டினார்கள், கொம்பெல்லாம் வைத்து. அங்கே போய் முட்டிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பயந்து ஒதுங்காமல், முதலில் கையை நீட்டிப் பார்த்தாள். நின்றது. நோட்டை வைத்தாள். நின்றது. மாட்டை வைத்தாள், மறுபடி முட்டியது. "டீச்சர், இதுக்கு மாடு மட்டும் தெரியல" என்றாள். பக்கத்திலிருந்த பையன் பேட்டரி போச்சு என்றான். இல்லை, பேட்டரி போனால் கைக்கும் நிற்காதே என்று இவள் சண்டை போட்டாள். அந்த வகைச் சென்சாரிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வெளியே போய், எதிரில் இருப்பதில் பட்டுத் திரும்ப வேண்டும், கறுப்பு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, நானும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "டீச்சர், காட்டுமாட்டுக்குக் கால் வெள்ளையாத்தானே இருக்கும், நாம வெள்ளை ஒட்டவே இல்லையே" என்றாள். நிஜமாகவே அதற்கு முட்டிக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும், மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். வெள்ளைத்தாளைக் கிழித்து நாலு காலிலும் ஒட்டினார்கள். சென்சாருக்கு நேர் எதிரே கால்தான் வரும். பஸ் போனது, மாட்டுக்கு முன்னால் நின்றது.

அப்போது அங்கே ஒரு போனும் தூக்கியிருக்கவில்லை. எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

இதைத்தான் சொல்கிறேன், திரும்பத் திரும்பச் சொல்வேன்: முட்டினால்தான் பாடம் ஆரம்பிக்கிறது. முதல் தடவையே நின்றிருந்தால் அன்றைக்கு அந்தப் பெண் எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டாள். கைத்தட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள், கறுப்புக்கும் வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டாள்.

இது நான் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. சீமோர் பாப்பர்ட் என்று ஒரு கணித அறிஞர், பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேயோடு ஜெனீவாவில் வேலை பார்த்தவர், 1967இல் வாலி ஃபொயர்சாய்க், சிந்தியா சாலமன் ஆகியோரோடு சேர்ந்து பிள்ளைகளுக்காக லோகோ என்கிற கணினி மொழியைச் செய்தார். அப்புறம் அந்த மொழியில் ஓடுகிற ஆமை ரோபோ வந்தது, தரையில் ஊர்ந்து கோடு போடும். ஆமை தப்பான பக்கம் திரும்பினால் பிள்ளை எழுந்து தானே ஆமை மாதிரி நடந்து பார்த்து எங்கே தப்பு என்று தேட வேண்டும். தப்பு என்பது மார்க் குறைக்கிற சமாச்சாரம் இல்லை, தேடிப் பிடித்துச் சரி செய்கிற சமாச்சாரம் என்பதுதான் அதன் உயிர். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் நாம் பிள்ளை தப்பு செய்தால் வீடியோ எடுக்கிறோம்.

சரி, "முதலில் வாசிக்கச் சொல்லிக் கொடுங்க" என்று சொல்பவர்களுக்கு வருகிறேன். சொல்லிக் கொடுக்காமலா இருக்கிறேன்? சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுக்க அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து கார்டும் பாட்டும் பயிற்சி நூலுமாகத்தான் என் பொழுது போகிறது, மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்துக்கொண்டு. ரோபோ வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் மட்டும்தான். அந்தக் கடைசிப் பீரியடில்தான், வழக்கமாக ஒரு வரி எழுத அரைமணி நேரம் பென்சிலைக் கடிக்கிற பையன், "பஸ் நிக்கவில்லை. மாடு கருப்பு. கால் வெள்ளை ஒட்டினோம். பஸ் நின்றது" என்று யாரும் சொல்லாமல் எழுதி நீட்டினான். பிழை இருக்கிறது, தெரியும். எழுதுவதற்கு அவனிடம் ஒரு விஷயம் இருந்தது, அதைப் பாருங்கள்.

இன்னொரு பிள்ளை. ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம். இப்போது நீலகிரித் தோட்டங்களில் அப்படி எத்தனையோ குடும்பங்கள் இருப்பது உங்களுக்கும் தெரியும். இங்கே பாதிப் பிள்ளைகள் வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசுகிறவர்கள், மற்றவர்கள் தமிழ், இவளுக்கு இரண்டும் இல்லை. வந்த புதிதில் வாயே திறக்க மாட்டாள். படக் கட்டளைக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை, டேப்லெட்டை வாங்கி மணல் கடிகாரத்தை மோட்டாருக்கு முன்னால் இருந்து பின்னால் மாற்றி வைத்தாள், வண்டி ஓடியது. அன்றைக்கு மற்ற பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு "இது எப்படி, இது எப்படி" என்று நச்சரித்ததில்தான் அவள் முதல் தமிழ் வார்த்தைகளைப் பேசினாள். வாசிப்பு முக்கியம்தான். அதற்கு முன்னால் பிள்ளை அந்த வகுப்பில் தனக்கும் இடம் இருக்கிறது என்று நம்ப வேண்டாமா?

டேப்லெட் பற்றிக் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நியாயமான பயம். வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் போனை நிறுத்தி வைக்கிற காலம் இது, பள்ளியிலும் திரையா என்று ஒரு தாய் கேட்டால் நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நாலு பிள்ளைக்கு ஒரு டேப்லெட். அதையும் முதலில் கொடுப்பதில்லை. முதலில் ஒரு பிள்ளை ரோபோவாக நிற்கும், இன்னொன்று "மூணு அடி முன்னால, வலது பக்கம் திரும்பு" என்று கட்டளை போடும், சொன்னதை மட்டும்தான் செய்ய வேண்டும், சுவரில் இடித்தாலும் சொல்லாமல் நிற்கக் கூடாது. அப்புறம் தாளில் எழுதுவார்கள். அப்புறம்தான் திரை. பார்த்துக்கொண்டே உட்காருகிற திரையும், நாலு கட்டம் இழுத்துவிட்டு எழுந்து ஓடி வண்டியைத் துரத்துகிற திரையும் ஒன்றில்லை. இருந்தாலும் அந்தப் பயம் எனக்கும் உண்டு, பீரியட் முடிந்ததும் டேப்லெட் என் பைக்குள் போய்விடும்.

தேசியக் கல்விக் கொள்கையிலேயே கோடிங் ஆறாம் வகுப்பில்தானே ஆரம்பிக்கிறது, உனக்கென்ன அவசரம் என்று ஒரு சார் எழுதியிருந்தார். நான் கணினி மொழி எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை சார், படத்தை வரிசையாக வைத்துத் தப்பைத் தேடத்தான் கற்றுக்கொடுக்கிறேன். ஆறு வயசுப் பிள்ளை ஆப் செய்து கோடீஸ்வரன் ஆகும் என்று விளம்பரம் போட்டவர்களை உங்களைவிட எனக்குத்தான் அதிகம் பிடிக்காது.

செலவா? எங்கள் கிட் பள்ளியில் படித்துப் போன ஒருவர் கொடுத்தது, கம்பெனி அந்த மாடலை நிறுத்தியே விட்டது. எல்லாப் பள்ளிக்கும் வாங்கச் சொல்லவில்லை. கிட் இல்லாதவர்களுக்கு 2014இல் வந்த ஸ்கிராட்ச் ஜூனியர் என்கிற ஆப் இலவசமாகவே கிடைக்கிறது, ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு என்று செய்தது, அதுவும் முழுக்கப் படம்தான்.

உண்மையில் என்னைச் சுட்டது இந்தக் கேள்விகள் எதுவும் இல்லை. கமெண்டில் ஒருவர் எழுதியிருந்தார், "தேயிலை வெட்டத்தான் மெஷின் வந்தாச்சே, அதை ஓட்டக் கத்துக் குடுத்தா போதும்" என்று. அதற்கு நாற்பத்துச் சொச்சம் பேர் சிரிப்பு போட்டிருக்கிறார்கள். அதில் எனக்குத் தெரிந்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்தேன். மனசு விட்டுப்போனது.

என் அம்மா தோட்டத்தில் தேயிலை பறித்தவர். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். நான் படித்த பள்ளியில் ஒரு குளோப் இருந்தது. கண்ணாடி பீரோவில், பூட்டி. அதிகாரி வருகிற அன்று மேசைக்கு வரும், அவர் போனதும் துடைத்து உள்ளே போகும். நீலக் கடலும் மஞ்சள் நாடுகளுமாக அது எப்படி இருந்தது என்று இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, ஆனால் ஒரு தடவைகூட அதைச் சுற்றிப் பார்த்ததில்லை. கேட்டால், "லயத்துப் பிள்ளைங்க கை வெச்சா விளங்குமா" என்பார்கள். அம்மா கப்பலேறிய தலைமன்னார் எங்கே இருக்கிறது என்று தேட எனக்கு அவ்வளவு ஆசை. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை பீரோ திறக்கவில்லை.

அதனால்தான் என் வகுப்பில் கிட் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. துண்டு தொலைகிறது, ஆமாம். பெல்ட் ஒன்று அறுந்துபோய் ரப்பர் பேண்டு போட்டு ஓட்டுகிறோம். குளிர் நாளில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகிறது. போகட்டும். உடைந்தால் உடையட்டும், தொடாமலே புதுசாக இருப்பதற்கு அது கோயில் நகை இல்லை.

இலை எடுப்பதில் எந்தக் கேவலமும் இல்லை, அந்தக் கூலியில்தான் நான் டீச்சர் ட்ரெயினிங் முடித்தேன். ஆனால் எந்தப் பிள்ளை எதைத் தொடலாம் என்று முடிவு செய்ய நீங்கள் யார்? இதே வண்டி ஊட்டியில் பெரிய கட்டணம் வாங்குகிற பள்ளியில் முட்டியிருந்தால் "முயற்சி செய்யும் குழந்தை" என்று எழுதியிருப்பீர்கள். எங்கள் பிள்ளை முட்டினால் மட்டும் எழுத்துக்கூட்டத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். மாட்டுக்கு வெள்ளைக் கால் ஒட்டச் சொன்ன பெண்ணின் அப்பா போனிலும் அந்த வீடியோ வந்திருக்கிறது. திங்கட்கிழமை அவள் வந்து, "டீச்சர், நாம நிறுத்தினத அவங்க ஏன் போடல?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வீடியோவை வெட்டியவர் சொல்லட்டும், அவருக்கு என்னைத் தெரியும், எனக்கும் அவரைத் தெரியும்.

அடுத்து மஞ்சு இறங்கினால் சென்சாருக்கு மாடு தெரியுமா தெரியாதா என்று பார்க்கப் போகிறார்களாம். மேகம் தரையோடு வருகிற நாளுக்காக ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் விடை தெரியாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், மூன்று மணிக்கு மேல், யார் வேண்டுமானாலும் வரலாம், வீடியோவும் எடுக்கலாம், முழுசாக எடுங்கள். ஏஏ சைஸ் பேட்டரி இரண்டு வாங்கி வந்தீர்கள் என்றால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.