22-ஐ 7-ஆல் பெருக்கிய குற்றம்

சார்: கோபப்படாதீங்க அண்ணே. விடை சரி. கணக்குதான் தப்பு.

அப்பா: அது எப்படி சார்? ஊருக்கு வந்து சேர்ந்தாச்சு, ஆனால் பஸ்ஸே ஏறவில்லை என்கிற மாதிரி இருக்கிறது.

சார்: கேள்வியைப் பாருங்கள். பக்கம் 14 செ.மீ. உள்ள சதுரத் தகட்டிலிருந்து முடிந்த அளவு பெரிய வட்டத்தை வெட்டி எடுத்துவிட்டால் மீதித் தகட்டின் பரப்பு என்ன? உங்கள் பெண் எழுதியிருப்பது இவ்வளவுதான். 14 × 14 = 196. 22 × 7 = 154. 42 ச.செ.மீ. படியே இல்லை.

அப்பா: டியூசனுக்குப் படி எதற்கு சார்? அரிசியா அளக்கப் போகிறாள்?

சார்: அந்தப் படி இல்லை அண்ணே, ஸ்டெப்! முதலில் 'தீர்வு' என்று எழுதி அடிக்கோடு போட வேண்டும். அப்புறம் 'கொடுக்கப்பட்டவை'. அப்புறம் சூத்திரம், அப்புறம் பிரதியிடல், கடைசியில் 'எனவே' என்று தொடங்கி விடை. இதில் எதுவுமே இல்லாததால் 5-க்கு 1.

அப்பா: அந்த ஒன்று எதற்கு?

சார்: ச.செ.மீ. என்று அலகு எழுதியிருக்கிறாளே.

அப்பா: அப்போ கணக்கே போடாமல் தாள் முழுக்க ச.செ.மீ., ச.செ.மீ. என்று எழுதி வைத்தால் பாஸ் ஆகிவிடுவாள் போலிருக்கிறதே!

(மகனைக் கூட்டிப்போக வந்து ஓரமாக நின்றிருந்த நான் இந்த இடத்தில் இருமுவது போல் நடித்தேன்.)

சார்: விளையாடாதீங்க. இதில் பெரிய தப்பே வேறு. π (பை) மதிப்புக்கு 22-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும், இவள் பெருக்கி வைத்திருக்கிறாள். ஏதோ அதிர்ஷ்டம், 154 வந்துவிட்டது.

அப்பா: அதிர்ஷ்டமா? சார், குறுக்களவு 14 என்றால் சுற்றளவு எவ்வளவு?

சார்: 44.

அப்பா: அதில் பாதி?

சார்: 22.

அப்பா: குறுக்களவில் பாதி?

சார்: 7... அட, அதுக்காக?

அப்பா: பாதியைப் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு. மூடி வெட்டுகிற எங்கள் பட்டறையில் என் தாத்தா சொல்லிக் கொடுத்தது, கணக்கதிகாரம் என்கிற பழைய கணக்கு நூலிலேயே இருக்கிறது என்பார். மூடியைப் பூசணிக் கீற்று மாதிரி மெல்லிசாக வெட்டி, ஒரு கீற்றின் கூர் மேலே, அடுத்ததன் கூர் கீழே என்று மாற்றி மாற்றி அடுக்கிப் பாருங்கள். நீளம் 22, அகலம் 7 என்று செவ்வகம் மாதிரி படுத்துக்கொள்ளும். 22 பெருக்கல் 7. இதில் எங்கே சார் அதிர்ஷ்டம் வந்தது?

சார்: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விடைக்குறிப்பில் இந்த முறை இல்லையே. படி இல்லாமல் நான் எதற்கு மார்க் போடுவேன்?

அப்பா: திரும்பவும் படியா! இரண்டாவது கணக்கில் என்ன குற்றம்? அதே சதுரம், நான்கு மூலையிலும் 7 செ.மீ. ஆரத்தில் கால் வட்டம். இவள் "மேலே உள்ளதேதான், 42" என்று எழுதியதற்கு முட்டை போட்டிருக்கிறீர்கள்.

சார்: மேலே உள்ளதேதான் என்று யாராவது எழுதுவார்களா?

அப்பா: நான்கு கால் சேர்ந்தால் ஒரு முழுசு. வேறு என்ன எழுதுவது? 14-இல் பெரிய வட்டம் ஒன்று வெட்டினாலும் 42 வீண், 7 குறுக்களவில் சின்னதாக நான்கு வெட்டினாலும் 42 வீண். நேர் வரிசையில் போட்டால் எந்த அளவுக்கும் நூற்றுக்கு இருபத்தொன்றரை பழைய இரும்புக்காரனுக்குத்தான். அதனால்தான் நாங்கள் வரிசையைத் தள்ளிப் போடுவோம். எட்டடிக்கு நாலடி தகட்டில் 6 அங்குல மூடி நேர் வரிசையில் 128 வரும். ஒரு வரிசை 16, அதன் இடுக்கில் உட்காருகிற மாதிரி அடுத்தது 15 என்று மாற்றி மாற்றி ஒன்பது வரிசை போட்டால் 140. பன்னிரண்டு மூடி லாபம். போன லீவில் பட்டறையில் சாக்பீஸால் கோடு போட்டு இதைக் கணக்குப் பார்த்துச் சொன்னதே இந்தப் பெண்தான். 'தீர்வு' என்று எழுதி அடிக்கோடு போடவில்லை, அதுதான் குறை.

சார்: உங்கள் பெண் கெட்டிக்காரி இல்லை என்று நான் சொல்லவில்லை அண்ணே. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் உங்கள் பட்டறைக்கு வந்து பார்க்க மாட்டாரே.

அப்பா: அது சரி. இன்னொன்று கேட்கட்டுமா? இந்த நோட்டைப் புரட்டினேன். 7, 14, 21, 28, 35. உலகத்தில் இருக்கிற எல்லா வட்டமும் ஏழாம் வாய்பாட்டில்தான் பிறக்குமா?

சார்: 22-இன் கீழ் 7 அடிபட வேண்டும், பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கும். ஆர்க்கிமிடீஸே கொடுத்த மதிப்பு!

அப்பா: அதைவிடக் கொஞ்சம் குறைவு என்றுதான் அவர் நிரூபித்தாராம், பாப்பா சொன்னாள்.

சார்: ...இதையெல்லாம் வீட்டில் பேசுவாளா?

அப்பா: இங்கே பேசினால் படி கேட்கிறீர்களே.

சார்: சரி, விடுங்கள், அரை மார்க் கூட்டிப் போடுகிறேன். நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று. மாடியில் தண்ணீர் டிரம்முக்கு ஒரு மூடி வேண்டும், பல்லி விழுகிறது.

அப்பா: செய்துவிடலாம். குறுக்களவு?

சார்: 20 அங்குலம்.

அப்பா: இருபதா? ஏழில் போகாதே சார். இருபத்தொன்றாகப் போட்டுவிடவா?

சார்: விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமே அண்ணே!

அப்பா: நிற்கட்டும். படி சரியாக வரும்.