சுலோச்சன முதலியார் பாலத்துக்கு லண்டன் பெருமை எதற்கு?

திருநெல்வேலி ஆற்றுப்பாலத்தின் படத்தைப் போட்டு "லண்டன் வாட்டர்லூ பாலம் மாதிரியே நம்ம ஊர்லயும்" என்று யாராவது பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். மாதிரி எடுத்துக் கட்டினார்கள் என்று சொல்வது வழக்கம்தான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அந்த வாட்டர்லூ பாலத்தின் கதை தெரிந்தால் இப்படிப் பெருமைப்பட மாட்டீர்கள்.

1817ல் திறந்த பாலம் அது, கட்டியது ஒரு தனியார் கம்பெனி, நடந்து போகிறவனிடமும் காசு வாங்கினார்கள். சனங்கள் விவரமானவர்கள், காசில்லாமல் போகக்கூடிய பக்கத்துப் பாலங்களுக்குத் திரும்பிவிட்டார்கள். முதல் போட்டவர்களுக்குக் கையைக் கடித்ததுதான் மிச்சம். 1878ல் அரசுத் தரப்பு வாங்கிய பிறகுதான் சுங்கம் ஒழிந்தது. அப்புறம் தூணுக்கடியில் மண் அரித்து, பாலம் இறங்கி, 1930களில் இடித்தே விட்டார்கள். இப்போது லண்டனில் அந்தப் பெயரில் நிற்பது வேறு பாலம்.

நம்முடையது 1843. அதற்கு முன்னால் அந்தக் கரையில் பாளையங்கோட்டை, இந்தக் கரையில் நெல்லையப்பர் கோயிலும் கடைவீதியும், நடுவில் தாமிரபரணி. படகில்தான் கடக்க வேண்டும், ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. கலெக்டர் தாம்சன் பாலம் கட்ட முடிவு செய்தார், அரசாங்கம் கஜானாவைத் திறக்கவில்லை, மக்களிடம் வசூல் பண்ணலாம் என்றானது. வசூலிக்கும் பொறுப்பு கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தாரான (தலைமை எழுத்தர் மாதிரியான பதவி) சுலோச்சன முதலியார் தலையில் விழுந்தது. அவர் ஊரிடம் கை நீட்டாமல் தன் பணத்தைப் போட்டார். 50,000 ரூபாய் அளவில் செலவானதாகச் சொல்வார்கள், அந்தக் காலத்து 50,000.

மனைவி நகையைக் கழற்றிக் கொடுத்த கதையும் கூடவே வரும். சொல்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லிச் சொல்லி இன்று அது கிட்டத்தட்ட சினிமா காட்சி ஆகிவிட்டது. எனக்கு அந்த நகையைவிடப் பெரிய விஷயம் சுங்கம் இல்லாதது. லண்டன்காரன் காசு கொடுத்துப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் இங்கே கூலிக்காரனும் கீரைக்காரியும் சும்மா நடந்து போனார்கள். இதை யாராவது எழுதுகிறார்களா? வளைவுகள் அதே மாதிரி இருக்கிறதாம், அதுதான் பெருமையாம்.

கட்டிய பாலம் அப்படியே நின்றதா என்றால் அதுவும் இல்லை. 1869 வெள்ளத்தில் வளைவுகளில் சில போயின, சரிசெய்ய 1871 ஆனது. பிறகு போக்குவரத்து கூடக்கூட அகலப்படுத்தினார்கள், பக்கத்தில் புதுப் பாலமும் வந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்துவிட்டு இன்னும் பஸ் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்தப் பதிவுகள் எல்லாமே தாண்டிப் போய்விடும் ஒரு நாள் உண்டு. 1999 ஜூலை 23. பாலத்தை ஒட்டிய கொக்கிரகுளத்தில்தான் கலெக்டர் ஆபீஸ். கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைத்த தங்கள் ஆட்களை விடச் சொல்லியும் மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஊர்வலமாக அங்கேதான் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. ஓடியவர்களுக்கு ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் ஆறு. 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. வருஷாவருஷம் அந்த நாளில் ஆற்றில் பூப்போட்டு அஞ்சலி செலுத்துகிறார்கள், அன்றைக்கு மட்டும் செய்தியில் வரும்.

"அது ஆத்தங்கரையில நடந்தது, பாலத்து வரலாறு இல்ல" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். லண்டன் தேம்ஸ் நதி நம்ம பாலத்து வரலாற்றில் வருமாம், பாலத்துக்குப் பக்கத்திலேயே செத்தவர்கள் வர மாட்டார்களாம். முதலியாருக்குக் கல்வெட்டு இருக்கிறது, இருக்கட்டும், தகுதியானவர்தான். அடுத்த தடவை படம் போடுகிறவர்கள் வாட்டர்லூவுக்கு ஒதுக்கும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து மாஞ்சோலைக்காரர்களுக்குக் கொடுங்கள்.