உருளைக்கிழங்கு விதவையை விட்டுவிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கக் காணொளியை ஆளாளுக்குப் பகிர்ந்து, ஆமென் போட்டு முடித்துவிட்டீர்கள். இனி நானும் பேசலாம்.

"மார்மன் விதவையே தசமபாகம் கொடுத்தாள், உங்களுக்கு என்ன கேடு?" என்று முழங்கினார் போதகர். தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுப்பது. கதை, அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபையினரான மார்மன்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதுதான். 1844இல் கார்த்தேஜ் சிறையில் கணவர் ஹைரம் ஸ்மித்தைக் கும்பல் சுட்டுக் கொன்ற பிறகு, பிள்ளைகளோடு யூட்டாவின் சால்ட் லேக் வந்து சேர்ந்தவர் மேரி ஃபீல்டிங் ஸ்மித். தன் விளைச்சலில் நல்ல உருளைக்கிழங்காகப் பார்த்து வண்டியில் ஏற்றித் தசமபாக அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். வாசலில் நின்ற எழுத்தர் என்ன சொன்னார்? "நீங்கள் கொடுக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. உடம்பில் தெம்புள்ளவர்களே இங்கிருந்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள்" என்றார். "எனக்கு வரும் ஆசீர்வாதத்தைத் தடுக்கிறாயா?" என்று மேரி அவரைத்தான் வைதார். வாங்குகிறவர் கூசினார் ஐயா! நம் போதகரோ அந்த எழுத்தரைச் சாமர்த்தியமாகக் கதையிலிருந்து இறக்கிவிட்டார்.

மார்மன்களின் ஆரம்பப் போதனை முதலில் கை நீட்டியது மிச்சம் உள்ளவனிடம். 1831இல் ஒஹாயோவின் கர்ட்லண்டில் ஜோசப் ஸ்மித் அறிவித்த அர்ப்பணச் சட்டப்படி, சொத்தைப் பிஷப்பிடம் எழுதிக்கொடுத்து, குடும்பத்துக்கு வேண்டியதைத் திரும்பப் பெற வேண்டும், மீதி ஏழைக்கு. 1838இல் மிசோரியின் ஃபார் வெஸ்டில் தசமபாகம் வந்தபோதும் முதலில் உபரிச் சொத்து, பிறகுதான் ஆண்டுக்குப் பத்தில் ஒன்று. காசாகத்தான் வேண்டும் என்றில்லை. கோழி, முட்டை, வெண்ணெய், வைக்கோல் எல்லாம் செல்லுபடியாகும். பிறகு மார்மன்கள் குடியேறிய நாவூ நகரில் பலர் பத்து நாளுக்கு ஒரு நாள் கோவில் கட்டும் வேலைக்குப் போய்க் கழித்தார்கள்.

"அர்ப்பணச் சட்டம் சீக்கிரமே படுத்துவிட்டதே?" ஆம், படுத்துவிட்டது. "1838 சட்டத்தில் அந்தச் சொத்து போகும் இடமாகக் கோவிலும் தலைவர்களின் கடனும் இருக்கின்றனவே? கொடுக்காதவனுக்கு நம்மோடு இடமில்லை என்றும் இருக்கிறதே?" இருக்கிறது, நானும் படித்தேன். மார்மன்களுக்கு வக்காலத்து வாங்குவது என் வேலையல்ல. மிச்சம் உள்ளவனை முதலில் கேள் என்கிறேன். அவ்வளவுதான். இது ஏன் உறைக்க மாட்டேன் என்கிறது?

அப்பாவின் ஆலை மூடிய ஆண்டு, எங்கள் சபையில் காணிக்கை பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அப்பாவின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் தொகை. அந்த வாரமும் அம்மா உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து, சபைக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசி டப்பாவில் போட்டார். "வேண்டாம் அம்மா" என்று சொல்ல எங்களுக்கு ஓர் எழுத்தர் வாய்க்கவில்லை.

பத்தில் ஒன்று கேட்கிறவர்கள் கணக்கையும் காட்டட்டும். மார்மன் சபையே 1959க்குப் பிறகு விரிவான செலவுக் கணக்கை வெளியிடுவதில்லை. முதலீடுகளை மறைத்த விவகாரத்தில் 2023இல் சபை 10 லட்சம் டாலரும் அதன் முதலீட்டு நிறுவனம் 40 லட்சம் டாலரும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு அபராதம் கட்டின. விதவையைச் சொன்ன வாயால் இதையும் சொல்லியிருக்கலாம். நேரம் போதவில்லை போலும்.

"நீ முதலில் ஒழுங்காகக் கொடுக்கிறாயா?" என்று உள்பெட்டியில் கேட்கும் அண்ணன்மாருக்கு: பலகையில் ஒட்டியிருப்பார்கள், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.